துணி போர்த்திய வீடுகள்

திங்கள், காலை

வெள்ளைத் துணியை உருவியபோது அடியில் வீடு இல்லை. கவிழ்த்து வைத்த ஒரு குப்பைக்கூடைதான் இருந்தது.

துணியைக் கையில் பிடித்தபடி ஆய்வு மாணவி சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு கூடையையும் தூக்கிப் பார்த்தாள். கூடைக்குள் வீடு ஒளிந்திருக்காது என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் கை கேட்கவில்லை. வீட்டை எடுத்துப்போகத் தீர்ப்பாயத்திலிருந்து வந்த இருவரும் வெறும் பெட்டியோடு நின்றார்கள். பேராசிரியர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார்.

விஷயம் போலீசுக்குப் போனது. வந்தவர் ஓய்வுபெறக் கொஞ்ச காலமே பாக்கியுள்ள ஒரு பெண் இன்ஸ்பெக்டர். முழங்கால் வலிக்காரர். யார் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எதிரில் இருப்பவர் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுவார். ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயரே 'அப்புறம் மேடம்' என்பதுதான். இது அவர் காதுக்குப் போனபோதும், சொன்னவரிடம் "அப்புறம்?" என்றுதான் கேட்டாராம்.

குடிபெயர்ந்தவர்கள், அகதிகள், குடியுரிமை பற்றி ஆராயும் நிறுவனம் அது. வீடுகளை வைத்திருந்த அறை இரண்டாம் மாடியில். ஜன்னல் கிடையாது. வெளிச்சம் பட்டால் அட்டையின் நிறம் போய்விடும் என்பதால் மங்கலாக ஒரே ஒரு விளக்கு. வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம். ஏசி காற்றில் துணிகளின் ஓரங்கள் லேசாக ஏறி இறங்கின.

கூடவே வந்த ஏட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "பிணவறை மாதிரி இருக்கு மேடம்" என்றார்.

"பிணவறையில இதைவிட வெளிச்சம் ஜாஸ்தி. உள்ள வாங்க."

இன்ஸ்பெக்டர் பக்கத்து மேசையின் துணியை விலக்கினார். அட்டையும் களிமண்ணும் வைத்துச் செய்த ஒரு சின்ன வீடு. எல்லாக் கதவுகளும் களிமண்ணால் அடைக்கப்பட்டிருந்தன. அடுத்ததில் விரல்நகம் அளவில் ஐந்து சாப்பாட்டுத் தட்டுகள், உட்கார ஆளில்லாமல். மூன்றாவது வீட்டின் ஜன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே சுவரில் கண்ணாடித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதிலிருந்து அவருடைய கண்ணே அவரைப் பார்த்தது. துணியை மெதுவாகத் திரும்பப் போர்த்தினார். சர்வீஸில் எத்தனையோ காலி வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறார். யாரோ இப்போதுதான் எழுந்துபோனார்கள் என்று முதுகு சிலிர்த்தது இங்கேதான்.

பேராசிரியரை விட்டால் மாலைவரை விளக்குவார் என்பதால் மாணவியே சுருக்கமாகச் சொன்னாள். வீட்டை விட்டு ஓடிவந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அட்டை, களிமண், பசை கொடுத்து, விட்டுவந்த வீட்டைச் செய்யச் சொல்வார்கள். ஞாபகத்திலிருந்து செய்யும் வீட்டில் அளவு சரியாக வராது. சிலருக்கு அடுப்படி பாதி வீட்டை அடைத்துக்கொள்ளும், சிலருக்கு வாசற்படி மலைபோல் உயர்ந்துவிடும். எது பெரிதாகிறது, எது சின்னதாகிறது, எது விட்டுப்போகிறது என்பதுதான் இவர்களுடைய ஆராய்ச்சி. ஒருவர் வீட்டை இன்னொருவர் பார்த்தால் ஞாபகம் கலந்துவிடுமாம். அதனால் வீடு செய்ய வருகிறவர்களைப் பக்கவாசல் வழியாகவே அழைத்துவந்து, பக்கவாசல் வழியாகவே அனுப்புவார்கள்.

"காணாமப் போனது யாரோடது?"

அது ஒரு தையல்காரியின் வீடு. எரிக்கப்பட்ட ஒரு பெரிய ஊரிலிருந்து தப்பியவள். அன்று தைத்த துணியைக் கொடுக்க வெளியூர் போயிருந்ததால் அவள் மட்டும் மிஞ்சினாள். அப்பா, அம்மா, தம்பி மூவரும் வீட்டோடு போய்விட்டார்கள். அந்த ஊர்க்காரி என்று நிரூபித்தால் அவளுக்கு இந்த நாட்டில் குடியுரிமை கிடைக்கும். இல்லையென்றால் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. போன வாரம்தான் அந்த ஊரை வானத்திலிருந்து எடுத்த பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. தெருக்களும் கூரைகளும் அதில் தெரிந்தன. அப்படியொரு படம் இருப்பதே தெரியாத காலத்தில் அவள் செய்த வீடு, படத்திலுள்ள ஒரு கூரையோடு பொருந்திவிட்டால் போதும். விசாரணை புதன்கிழமை.

"போட்டோ எடுத்து வெச்சிருப்பீங்களே?"

"அந்த அக்கா வேண்டாம்னுட்டாங்க மேடம். அப்ப ரொம்ப பயந்திருந்தாங்க. வேண்டாம்னு சொன்னா எடுக்கமாட்டோம்."

"இன்னொரு வீடு செஞ்சா?"

"இப்ப செஞ்சா படத்தைப் பாத்துச் செஞ்சதுன்னு சொல்லிடுவாங்க."

இன்ஸ்பெக்டர் காலியான மேசையைப் பார்த்தார். ஒரு கைப்பெட்டி அளவுக்குத் தூசி படியாத இடம். காணாமல்போன வீட்டின் அடையாளம் கேட்டார். சமையல்கட்டு ரொம்பப் பெரியது, பின்பக்கம் திறந்த ஜன்னல், அதில் துணித் திரை, கதவில் நிஜமான சின்ன மணி ஒன்று என்றாள் மாணவி.

"கடைசியா எப்ப பாத்தே?"

"வெள்ளிக்கிழமை. இருந்துச்சு. பூட்டிட்டுப் போனேன்."

"அப்புறம்?"

"சாவி என்கிட்ட ஒண்ணு, சார்கிட்ட ஒண்ணு."

"அப்புறம்?"

மாணவி தவித்தாள். ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் தனியாக வந்திருந்தார் என்று காவலாளி சொன்னதைச் சொன்னாள். வீட்டைத் தீர்ப்பாயத்துக்குத் தரக்கூடாது என்று அவர் போன வாரம் சண்டை போட்டதையும் சொன்னாள். ஞாபகத்தில் இருக்கும் வீடு உண்மையான வீடாக இருக்கவே முடியாது என்று அவர் ஒரு தடிமனான புத்தகம் எழுதியிருக்கிறார். இந்த வீடு பொருந்திவிட்டால் அந்தப் புத்தகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"துணியெல்லாம் புதுசா துவைச்ச மாதிரி இருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர், சம்பந்தமே இல்லாமல்.

பேச்சு மாறியதில் மாணவிக்கு உயிர் வந்தது. மாதம் ஒருமுறை துணி மாற்றுவார்களாம். வியாழக்கிழமைதான் அவளும் அண்ணனும் சேர்ந்து மாற்றினார்கள். பாதியில் பேராசிரியர் புகைப்படம் வந்துவிட்டது என்று கூப்பிட்டார், அவள் ஓடினாள். திரும்பி வருவதற்குள் அண்ணனே மீதியைப் போர்த்தி முடித்து, அழுக்குத் துணிகளைக் கூடையில் அள்ளிக் கீழே கொண்டுபோய்விட்டார். அவ்வளவு நல்ல மனுஷர்.

அண்ணன் என்பது மொழிபெயர்ப்பாளர். பேராசிரியர் உட்பட எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். தையல்காரியின் அதே ஊர். அவளுக்கு முன்பே வந்து, குடியுரிமை வாங்கி, இந்த நிறுவனத்தில் சேர்ந்தவர்.

திங்கள், மதியம்

பேராசிரியர் தன் அறையில் ஒரு மணி நேரம் பேசினார். ஆராய்ச்சிக்கென்று நம்பிக் கொடுத்ததைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் நாளைக்கு எவன் நம்மை நம்புவான் என்பது அதன் சாரம். ஞாயிற்றுக்கிழமை வந்ததை மறைக்கவில்லை. அந்த அறைக்குள் போனதையும் மறைக்கவில்லை.

"எதுக்கு சார்?"

"பாக்கத்தான். மறுநாள் எடுத்துட்டுப் போயிடுவாங்களே."

"பாத்தீங்களா?"

"பக்கத்துல போனேன். துணியை எடுக்க மனசு வரல. திரும்பிட்டேன்."

இன்ஸ்பெக்டர் "அப்புறம்?" என்று கேட்டார். பேராசிரியர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் அவருக்கு ஆகவில்லை. எழுந்து, கீழே வரவேற்பறையில் இருப்பதைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று கூட்டிப்போனார்.

வரவேற்பறை நடுவில், நீலத் துணி சுற்றிய ஒரு பீடத்தின் மேல் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு வீடு. மொழிபெயர்ப்பாளர் செய்தது. இந்த ஆராய்ச்சியே அந்த வீட்டில்தான் தொடங்கியது என்று பேராசிரியர் பெருமைப்பட்டார். அச்சடித்ததுபோல அளவு பிசகாத வீடு. ஞாபகத்தில் இருந்து இவ்வளவு துல்லியமாகச் செய்தவர் வேறு யாருமில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ஒடிந்து திரும்பும் கூரை, மூலையில் கிணறு, மூன்று படி. பின்பக்கம் போனார். ஜன்னல் ஒன்றைப் பலகை வைத்து அடைத்திருந்தது. நடுப் பலகையில் எட்டு இதழ் உள்ள ஒரு பூ, மிக நுணுக்கமாக.

"அந்தப் பூவைப் பத்தி நான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்" என்றார் பேராசிரியர். "துயரத்துக்கு நடுவுலயும் மனுஷன் அழகைத் தேடுறான் பாருங்க. அடைச்ச ஜன்னல்ல யாராவது பூ செதுக்குவாங்களா?"

"செதுக்கமாட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை, நாலு வெள்ளைச் சுவர். அதற்கும் ஓர் அத்தியாயம் இருந்தது: இழப்பின் வெறுமை.

வரவேற்பறைப் பெண் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், பேராசிரியர் நகர்ந்ததும் கிட்டே வந்தாள். வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எழுதவில்லை.

"நான் சிரிக்கமாட்டேன், சொல்லும்மா."

"அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள மணி அடிக்குது மேடம். வாசக்கதவை யாராவது வேகமா சாத்தினா ஒரு தடவை. லாரி போனா ஒரு தடவை. உள்ள மணியே கெடையாது, நானே தேடிப் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமையிலிருந்துதான். யாரோ உள்ளயிருந்து கதவைத் தெறக்கப் பாக்குற மாதிரி இருக்கு."

ஏட்டு கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். பகல் வெளிச்சம்தான், வெளியே வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. இருந்தாலும் அந்த அறையில் யாருக்கும் உரக்கப் பேசத் தோன்றவில்லை.

கட்டடத்தை மொட்டைமாடியிலிருந்து கழிப்பறைவரை தேடிய ஏட்டுக்கு வீடு கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றுதான். பின்பக்கம் குப்பை எரிக்கும் தகர டிரம். அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி தீக்குச்சிகள், ஒவ்வொன்றும் அடிவரை எரிந்து தீர்ந்தவை. டிரம்முக்குள் எட்டிப் பார்த்தால் சாம்பலே இல்லை.

"இத்தனை குச்சியைக் கொளுத்தி ஒண்ணையும் எரிக்கலையே மேடம். பைத்தியமா?"

இன்ஸ்பெக்டர் ஒரு குச்சியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தார். அடிவரை எரியவிட்டால் சுடும்.

மொழிபெயர்ப்பாளரைக் கேன்டீனில் பார்த்தார். மென்மையான குரல், நரைத்த தலை. அடுப்பிலிருந்து தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். தீயைக் கண்டாலே அண்ணனுக்கு ஆகாது, பாவம், பட்டவர் என்று முன்பே மாணவி சொல்லியிருந்தாள். டீ கிளாஸை இடது கையால் பிடித்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு.

"கையில என்ன?"

"இஸ்திரிப்பெட்டி சுட்டுடுச்சும்மா."

"உங்க ஊர்க்காரப் பொண்ணு. பழக்கமா?"

"பெரிய ஊரும்மா அது. அங்க பாத்ததில்ல. இங்க வந்தப்புறம்தான். தங்கச்சி மாதிரி." அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது. "அவகிட்ட பேசணும்னா நான் வரேன். இந்த ஊர் பாஷை அவளுக்கு அவ்வளவா வராது."

"வேண்டாம். வர்ற அளவுக்குப் பேசட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

செவ்வாய், காலை

தையல்காரியின் கடை ஒரு ஆள் அகலம்தான். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை. தைத்து முடித்த உடைகள் உள்ளே ஆளில்லாமல் வரிசையாகத் தொங்கின. அவள் பயந்திருந்தாள், ஆனால் அழவில்லை. புதன்கிழமைக்குள் வாங்கிக்கொள்ளச் சொல்லி எல்லாருடைய துணியையும் தைத்து முடித்துவிட்டிருந்தாள். ஒருவேளை போகவேண்டி வந்தால் யாருக்கும் பாக்கி வைக்கக்கூடாது. அதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு மனசு என்னமோ செய்தது.

வீட்டைச் சொல்லச் சொன்னார். வார்த்தை வராத இடத்தில் கையால் காட்டிக்கொண்டு, அவள் சாக்குக் கட்டியால் வெட்டு மேசையிலேயே வரைந்தாள். ஒடிந்து திரும்பும் கூரை. மூலையில் கிணறு. மூன்று படி. சமையல்கட்டை மட்டும் பெரிதாக வரைந்து, பிறகு வெட்கப்பட்டு அழித்தாள். "நெஜத்துல சின்னதுதான். எல்லாரும் அங்கயே இருந்தோமா, அதான்."

"கதவுல மணி எதுக்கு?"

"தம்பிக்கு. எப்பப் பாத்தாலும் வெளிய ஓடுவான். சத்தம் கேக்கணும்னு அப்பா கட்டினார். அவன் என்ன பண்ணுவான் தெரியுமா, பின் ஜன்னல் வழியா குதிச்சிடுவான்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கடைசி நாள் மத்தியானம் அப்பா அந்த ஜன்னலை அடைச்சிட்டார். ஆளுங்க வரப்போறாங்கன்னு பேச்சு. வீட்ல பலகை இல்ல. அம்மாவோட கட்டிலைப் பிரிச்சு, தலைமாட்டுப் பலகையை வெளிப்பக்கம் வெச்சு ஆணி அடிச்சார். பூ செதுக்கின பலகை. அம்மா பேசாம பாத்துட்டு இருந்தாங்க. நான்தான் ஆணி எடுத்துக் குடுத்தேன். குடுத்துட்டு, துணியைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வரேன்னு கெளம்பினேன்."

"அந்த ஜன்னலுக்கு நேரே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. புதர். அப்புறம் பள்ளம். அந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க."

"நீங்க செஞ்ச வீட்ல பலகை வெக்கலையே?"

"அந்த ஒரு நாளை விட்டுட்டுத்தான் செஞ்சேன். தெறந்தே இருக்கட்டும்னு."

"இதெல்லாம் அன்னிக்கே அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எல்லாம் சொன்னேன். அண்ணன்தான் மாத்திச் சொன்னார். கட்டில் கதை சொன்னப்ப பாதியில எழுந்துட்டார். வெளிய போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தார்."

இன்ஸ்பெக்டர் அங்கிருந்தே மாணவிக்குப் போன் செய்தார். அன்று அந்த அறையில் நீயும் இருந்தாயா? இருந்தாள். கட்டிலைப் பிரித்ததாக ஏதாவது கேட்டாயா? இல்லை. பலகை? இல்லை, ஜன்னல் வழியாகத் தம்பி குதிப்பான் என்பதோடு அண்ணன் நிறுத்திவிட்டார். அப்புறம் வெள்ளிக்கிழமை நீ பார்த்தது வீடா, துணியா?  துணி, என்றாள் மாணவி.

போனை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் தையல்காரியைப் பார்த்தார். "அந்த நிறுவனத்துல முன்வாசல் வழியா போயிருக்கீங்களா?"

"போனதே இல்லம்மா. விடமாட்டாங்க."

"இன்னிக்கு போவோம்."

செவ்வாய், மதியம்

வரவேற்பறையில் எல்லாரும் நின்றார்கள். தையல்காரி வெளியே ஜீப்பில் இருந்தாள். பீடத்தின் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த வீடு. மொழிபெயர்ப்பாளர் அதற்கு முதுகைக் காட்டி நின்றார்.

இன்ஸ்பெக்டர் வாசக்கதவைப் பிடித்து ஓங்கிச் சாத்தினார்.

மணி அடித்தது. மெல்ல, ஒரே ஒரு தடவை. வரவேற்பறைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணாடிக்குள்ளயிருந்து வரல" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குக் கீழயிருந்து வருது. ஏட்டய்யா, பீடத்தைத் தட்டிப் பாருங்க. கல்லுன்னு நெனைச்சு விட்டுட்டீங்க. அது மரப்பெட்டி."

நீலத் துணியை விலக்கியபோது பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. முன்பு விளம்பரத் தாள்கள் வைத்த இடம். ஏட்டு கையை உள்ளே விட்டு, ஒரு சின்ன வீட்டை வெளியே எடுத்தார். பெரிய சமையல்கட்டு, துணித் திரை போட்ட ஜன்னல், கதவில் சின்ன மணி. ஒரு மூலையில் அட்டை லேசாகக் கருகியிருந்தது, அவ்வளவுதான்.

"எடுத்தது நீங்கதான் அண்ணே" என்றார் இன்ஸ்பெக்டர். அவரும் அண்ணன் என்றே கூப்பிட்டார். "வியாழக்கிழமை சார் கூப்பிட்டு இந்தப் பொண்ணு போனதும் குப்பைக்கூடையைக் கவுத்து வெச்சுத் துணியைப் போட்டீங்க. அழுக்குத் துணிக்கு அடியில வெச்சு வீட்டைக் கீழ கொண்டுவந்தீங்க. வெள்ளிக்கிழமை இவளும், ஞாயித்துக்கிழமை சாரும் பாத்தது துணியைத்தான். இங்க யாருக்கும் துணியைத் தூக்கிப் பாக்க மனசு வராதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"அண்ணன் எதுக்கு எடுக்கணும்?" என்றார் பேராசிரியர். "அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார்."

ஏட்டு தையல்காரியின் வீட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒடிந்து திரும்பும் கூரை, ஒடிந்து திரும்பும் கூரை. மூலையில் கிணறு, மூலையில் கிணறு. மூன்று படி. ஒன்றில் சமையல்கட்டு வீங்கியிருந்தது, இன்னொன்றில் எல்லாம் அளவோடு இருந்தது. நாலு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்த ஒரே வீடு. எது பெரிசு, எது சின்னது என்றே பார்த்துப் பழகியவர்கள் இதைப் பார்க்கவில்லை. பேராசிரியர் குனிந்து இரண்டு கூரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தையல்கார அம்மாவோட வீடு நாளைக்குக் கோர்ட்டுல அந்தப் படத்தோட பொருந்தும். பொருந்தினா யாராவது ஒருத்தர் கேப்பாங்க, கண்ணாடிக்குள்ள இருக்கிறதும் இதேதானேன்னு. அப்ப இந்த வீட்டைச் சொல்லிக் குடியுரிமை வாங்கினவர் யாருன்னு வரும். கண்ணாடிக்குள்ள இருக்கிறதை உலகமே பாத்தாச்சு, அதை ஒளிக்க முடியாது. அதனால இதை ஒளிச்சீங்க."

"பக்கத்து வீடா இருக்கலாமே" என்றாள் மாணவி, அழுகிற குரலில். "அண்ணன் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கலாம். அதையே..."

"போய் வந்தவருக்கு உள்ள ஒரு சாமான்கூட ஞாபகம் இருக்காதாம்மா? இதுல உள்ள வெறும் சுவரு. வெளியில மட்டும் ஆணிவரைக்கும் இருக்கு." இன்ஸ்பெக்டர் பின்பக்கத்தைக் காட்டினார். "அடைச்ச ஜன்னல்ல யாரும் பூ செதுக்கமாட்டாங்க சார். அது கட்டில் பலகை. கடைசி நாள் மத்தியானம் அடிச்சது. ராத்திரி வீட்டோட எரிஞ்சிடுச்சு. அந்தப் பூ அந்த ஜன்னல்ல இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். எதிர்ல புதரும் பள்ளமும். அதைப் பாத்தவர் அன்னிக்கு அந்தப் புதர்ல நின்னவர். வீட்டுக்குள்ள இருந்தவர் இல்ல."

 மொழிபெயர்ப்பாளர் மெதுவாகத் திரும்பி, முதன்முறையாக அந்த வீட்டை நேராகப் பார்த்தார்.

"செய்யச் சொன்னாங்க" என்றார். "உங்க வீட்டைச் செய்ங்கன்னு அட்டையைக் கையில குடுத்தாங்க. என் வீட்டை நெனைச்சு நெனைச்சுப் பாத்தேம்மா. வரல. கண்ணை மூடினா இதுதான் வந்துச்சு. வேற எந்த வீடும் எனக்கு ஞாபகமில்ல."

"எரிக்கத்தானே டிரம்முகிட்ட கொண்டுபோனீங்க?"

அவர் கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தார். "ஒவ்வொரு குச்சியா கொளுத்தினேன். கை போகல. அந்த வீட்டை ரெண்டாவது தடவை எரிக்க என்னால முடியல."

அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். தையல்காரி ஜீப்பில் இல்லை. எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நடந்து, பின்பக்கம் நின்று, எட்டு இதழ்ப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழைத்துப்போக மாணவி கையை நீட்டினாள், தொடத் தைரியம் வரவில்லை.

தையல்காரி அவரிடம் வந்தாள். தங்கள் இருவருடைய மொழியில் பேசவில்லை. எல்லாருக்கும் புரியவேண்டும் என்றோ என்னவோ, இந்த ஊர் பாஷையிலேயே, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக் கேட்டாள்.

"அண்ணே. நீங்க அங்க நின்னீங்க. என் தம்பி அந்த ஜன்னலுக்கு வந்தானா?"

இத்தனை வருடமாக அவள் சொன்னதையெல்லாம் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்ன மனிதருக்கு வாய் எழவில்லை. இன்ஸ்பெக்டர் எப்போதும் கேட்கும் கேள்வியை இப்போது கேட்கவில்லை. அவருக்கே அந்த அமைதி தாங்கவில்லை.

"பூப்போட்ட பலகை அசைஞ்சுது" என்றார் மொழிபெயர்ப்பாளர். "ரொம்ப நேரம் அசைஞ்சுது."

தையல்காரி தலையை ஆட்டினாள், அளவு சொல்லக் கேட்டுக்கொண்டதுபோல. ஏட்டு அவரை வெளியே கூட்டிப்போனபோது வாசக்கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அப்படியும் மணி அடித்தது.

புதன், காலை

தையல்காரியின் வீடு படத்திலிருந்த கூரையோடு பொருந்தியது. சிலருக்கு ஞாபகத்தில் இருப்பது நிஜ வீடேதான் என்று பேராசிரியரே சாட்சி சொன்னார், அதுவும் நாலே வாக்கியத்தில். தீர்ப்பாய அதிகாரி அவளுக்குக் குடியுரிமை உண்டு என்று படித்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று கேட்டார்.

மேசைமேல் இரண்டு வீடுகளும் இருந்தன. அவள் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். பையிலிருந்து தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். "அந்தப் பலகையை மட்டும் எடுத்துடறேன்" என்றாள்.

அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது. அது இன்னொரு வழக்கின் சாட்சியப் பொருள், அந்த வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது, முடிய ரொம்ப நாள் ஆகும் என்று விளக்கினார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், அவரும் வேறு வழியில்லாமல் ஆமாம் என்றார்.

தையல்காரி கத்தியை மடக்கிப் பைக்குள் வைத்தாள்.

"பரவாயில்ல" என்றாள். "ஆகட்டும். நான் இங்கதான் இருப்பேன். இருக்கலாம்னு இப்பதானே சொன்னீங்க."